இருபத்தொரு வெள்ளி இலைகள்

ரேணிகுண்டா,
22-9-2024

அன்புள்ள அண்ணிக்கு,

ரூபா எழுதுவது. கையில் இரண்டு சூட்டுக் கொப்புளம் தவிர நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நைனாவுக்குச் சர்க்கரை இறங்கியதா?

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழில் முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் போன் உடைந்ததிலிருந்து அம்மாவின் போனில்தான் உங்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் உங்களிடம் கொடுக்கிறாள். நான் "அண்ணி" என்றால் "இன்னாடி?" என்று அம்மா பதில் சொல்கிறாள். அதனால் இனிமேல் வெள்ளிக் கம்பி அனுப்புகிற டப்பாவிலேயே கடிதமும் வரும். புத்தூர் பஸ் பார்சல் வந்ததும் டப்பாவின் அடியில் பாருங்கள்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நவம்பர் பதினைந்தாம் தேதி பெங்களூரில் நடக்கப்போகும் நகைக் கண்காட்சிக்கு என் மாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், படத்தைப் பார்த்தே! இனிமேல்தான் செய்ய வேண்டும். இருபத்தொரு வெள்ளி இலை. ஒவ்வொரு இலைமேலும் நீங்கள் கம்பியை நறுக்கி, நான் நெருப்பில் உருட்டி, நீங்கள் சலித்துத் தருகிற வெள்ளி ரவை. பற்றாசு வைத்து ஒட்டப்போவதில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்த மாதிரியே, குன்றிமணிப் பருப்பை அரைத்த விழுதில் செம்புப் பச்சையைக் கலந்து, ரவையை ஒவ்வொன்றாகத் தூரிகை நுனியில் எடுத்து வைத்து, நெருப்பில் காட்டுவது. வெள்ளி உருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் மேல் தோல் மட்டும் பளபளக்கும். அந்த நொடியில் ரவை தானாகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் எல்லாம் உருகிக் கட்டியாகிவிடும்.

அந்த நொடியைப் பார்க்கிற கண் எனக்கு இன்னும் வரவில்லை. நாராயணவனத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாரே முனிகிருஷ்ணன் ஆசாரி, அவருக்குத்தான் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் எனக்குப் பட்டறை இல்லை.

ஆயுத பூஜைக்கு நீங்கள் வர வேண்டும். பூஜைக்கு என்று சொன்னால் அம்மா அனுப்பமாட்டாள். பட்டறையைக் கழுவ ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
நாத்தனார் ரூபா


கார்வேட்டிநகரம்,
27-9-2024

அன்புள்ள ரூபாவுக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. மாமா, அத்தை, நான், இரண்டு மாடு எல்லோரும் சுகம். கொப்புளத்துக்குச் சோற்றுக் கற்றாழை வை. பற்பசை வைக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

பெங்களூர் செய்தியை இரண்டு தடவை படித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மாட்டிடம் சொன்னேன். அத்தைக்கு நான் என்ன சலிக்கிறேன் என்பதே இன்னும் புரியவில்லை. "நாள் பூரா ரவை சலிக்கிற, ஒரு நாள்னா உப்புமா துன்ன குடுத்தியா?" என்கிறார். இந்த டப்பாவில் மூன்று அளவு ரவை இருக்கிறது. மருந்து சீசாவில் இருப்பதுதான் மிகப் பொடி. தும்மினால் போய்விடும், வாயைக் கட்டிக்கொண்டு திற.

உன் அண்ணன் புத்தூர் ரோட்டில் விபத்தில் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் முடிந்தது. திவசம் கொடுத்தோம். எனக்கு இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோறு உண்டு, மரியாதை உண்டு. குங்குமத் தட்டு மட்டும் நான் வருகிற வழியில் இருந்தால் யாராவது எடுத்து நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். வரலட்சுமி நோன்பன்று எதிர்வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் குங்குமம் கொடுத்தார்கள், எனக்கு ஒரு வாழைப்பழம். நல்ல பழம்தான், தின்றுவிட்டேன்.

பட்டறை கழுவ அத்தை சம்மதித்துவிட்டார். பதினோராம் தேதி முதல் பஸ்ஸுக்கு வருகிறேன்.

உன் நலம் விரும்பும்,
காஞ்சனா


கார்வேட்டிநகரம்,
14-10-2024

அன்புள்ள ரூபாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நீயும் சென்னையில் மாலைக்குப் பெட்டி வாங்கிக்கொண்டு நல்லபடியாகத் திரும்பியிருப்பாய். உன் கொப்புளம் ஆறியிருந்ததைப் பார்த்ததில் சந்தோஷம்.

பூஜையன்று நான் இருந்த மாதிரி இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஏன் என்று கேட்காதே. நீ பூ வாங்கத் திருப்பதி போய்வந்த அந்த இரண்டு மணி நேரம் பட்டறை முழுவதும் என்னுடையதாக இருந்தது. பெருக்கினேன், துடைத்தேன், எல்லாம் செய்தேன். நீ திரும்பி வந்து, "ஆசாரி, அலங்காரம் பிரமாதம்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாரே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷன்.

மாலை நன்றாக வரும். வராமல் எங்கே போகும்? முடிந்ததும் படம் எடுத்து அனுப்பு. அத்தை போனிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ரேணிகுண்டா,
19-10-2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாலை போய்விட்டது. நான் சென்னையில் தங்க வேண்டியதாகி வியாழக்கிழமைதான் திரும்பினேன். வந்து பார்த்தால் இருபத்தொரு இலையும் மேசைமேல் கிடக்கின்றன, ஒவ்வொன்றின் நடுவிலும் வழுக்கையோடு. சுற்றிலும் ரவை அழகாகப் பிடித்திருக்கிறது, நடுவில் மட்டும் உதிர்ந்துவிட்டது. நெருப்பிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்ததாம். கடைசியில் மொத்தமாகக் கழுவித் தேய்த்தபோது கொட்டிவிட்டதாம். ஒன்றில் அப்படி என்றால் கை தவறியது என்பேன். இருபத்தொன்றிலுமா?

இந்தத் தடவை வெள்ளியை உருக்கித் தகடு இழுத்தது ஆசாரி. மட்டமான வெள்ளியைக் கலந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. நேற்று கேட்டேன். "கலக்கலை ரூபாம்மா" என்றார். "அப்போ ஏன் ஒட்டலை?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் பரிசோதனைக்காக வந்திருந்த அம்மாவும் அங்கேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அவ கேட்டுக்கினே கீறா, வாயத் தெறந்து சொல்லேன்யா" என்றாள். அவர் அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் குனிந்துகொண்டார். தப்பு செய்யாதவர் ஏன் அப்படி நிற்க வேண்டும்? "வெள்ளியத் திருடிட்டு ஊமை மாதிரி நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே கோபத்தில் திருப்பதியில் நமக்கு வெள்ளி தருகிற இரண்டு கடைக்கும் போன் செய்து, அந்த ஆளை நம்பி வெள்ளி கொடுக்காதீர்கள் என்று சொன்னேன்.

புதிதாகச் செய்ய நாளும் இல்லை, நெருப்பு பார்க்க ஆளும் இல்லை. பெங்களூருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள்,
ரூபா


கார்வேட்டிநகரம்,
24-10-2024

அன்புள்ள ரூபாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் வைத்துப் படித்தேன். மனசு சரியில்லை. நீ அவசரப்பட்டுவிட்டாயோ என்று தோன்றுகிறது. திருட வேண்டும் என்று நினைத்தால் ஒரு மனுஷன் உன்னிடம் வேலை செய்த இரண்டு வருஷமும் காத்திருப்பானா? திருப்பதியில் வெள்ளியின் தரம் பார்க்கிற இடம் இருக்கிறது என்பாயே, ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டு. அதுவரை யாரிடமும் ஒன்றும் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வழுக்கை எவ்வளவு பெரிது? விரல் நுனி அளவா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
காஞ்சனா


ரேணிகுண்டா,
3-11-2024

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளி எப்படிப் போயிற்று? நைனா இனிப்பைத் திருடித் தின்றாரா? நான் நலம் என்று எழுதினால் அது பொய்.

நீங்கள் சொன்னபடியே இலையைத் தரம் பார்க்கக் கொடுத்தேன். சுத்த வெள்ளி. இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன், இரண்டு தடவையும் சுத்த வெள்ளி. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலிலேயே நின்றேன். ஒரு மனுஷனைத் திருடன் என்று சொன்ன வாய் இது. அவருக்கு எட்டு தடவை போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்வேன்?

அப்படியானால் ஏன் ஒட்டவில்லை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரிதான், எல்லாம் விரல் நுனி அளவு. வட்டமாக, நட்டநடுவில், யாரோ எண்ணி எண்ணி வைத்த மாதிரி. சில இலைகளில் அந்த இடத்தில் வெளுப்பாகச் சாம்பல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்பில் போயும் அது போகவில்லை. எனக்குப் பார்த்தால் குங்குமப் பொட்டு வைத்த இடம் மாதிரி தெரிகிறது. பூஜையன்று நீங்கள்தானே பட்டறையில் இருந்தீர்கள், இலைப் பெட்டியை ஆசாரி திறந்தாரா? வேறு யாராவது வந்தார்களா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ரூபா


ரேணிகுண்டா,
8-12-2024

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு சரியில்லையா? என்மேல் கோபமா? மூன்று டப்பா வந்துவிட்டது. மூன்றிலும் ரவை இருக்கிறது, கடிதம் இல்லை. அடியில் தேடினேன், மூடியில் தேடினேன், கடைசியில் பார்சல் சுற்றி வந்த பழைய பேப்பரைக்கூடப் படித்துவிட்டேன். போனில் அம்மாவைக் கேட்டால், "அவளுக்கு இன்னா, நல்லா துன்னுட்டு நல்லாத்தான் கீறா" என்கிறாள்.

பெங்களூர் கண்காட்சி என் மாலை இல்லாமலே நடந்து முடிந்துவிட்டது. அதுகூடப் போகட்டும், அடுத்த வருஷமும் நடக்கும்.

நேற்று திருப்பதியில் ஆசாரியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பூஜைப் பாத்திரக் கடையின் பின்கட்டில் பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக் கடைகளில் அவரை உள்ளே விடுவதில்லையாம், நான் சொன்ன சொல் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. வெள்ளி பளபளக்கிற நொடியைப் பார்க்கத் தெரிந்த கண், அண்ணி. கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. தரம் பார்த்த காகிதம் பையில்தான் இருந்தது. ஆனால் "அப்போ ஏன் ஒட்டலை?" என்று வெள்ளிக் கடைக்காரர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லையே.

உங்களுக்குத் தெரிந்தது எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ரூபா


கார்வேட்டிநகரம்,
29-12-2024

அன்புள்ள ரூபாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன்மேல் கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் இந்தச் சௌக்கியத்தோடு நின்றுபோய்விட்டேன்.

குங்குமம் நான் வைத்தது.

நீ பூ வாங்கப் போயிருந்தாய். ஆசாரி வாசலில் உலையைக் கழுவிக்கொண்டிருந்தார். நீ குழைத்து வைத்திருந்த குங்குமம் தட்டில் இருந்தது. அதை நகர்த்தி வைக்க அங்கே யாரும் இல்லை. முதலில் சுத்தியலுக்கு ஒன்று வைத்தேன். அப்புறம் இடுக்கி, தராசு, ஜன்னல், உன் நாற்காலி. நிறுத்த முடியவில்லை ரூபா. மோதிர விரல் சிவந்துபோய் என் கை எனக்கே அழகாக இருந்தது. கடைசியில்தான் இலைப் பெட்டியைத் திறந்தேன். உன் மாலைக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? இருபத்தொன்றுக்கும் வைத்து மூடினேன்.

நான் தொட்ட இடம் மட்டும் ஒட்டவில்லை என்று நீ எழுதினாய். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வீட்டில் யாரும் வாய்விட்டு ஒரு சொல் சொன்னதில்லை, தட்டைத்தான் நகர்த்தினார்கள். இத்தனை நாளும் நான் மனதுக்குள் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று வெள்ளியே சொல்லிவிட்டது. தாலி அறுத்தவள் கை பட்டுத்தான் உன் வேலை கெட்டது என்று என் கையாலேயே உனக்கு எப்படி எழுதுவேன்? ஒரு மனுஷனுடைய பேர் போனது அதைவிடப் பெரிது என்று தெரியும். தெரிந்தும் வெட்கம்தான் ஜெயித்தது. அவர் பித்தளை தேய்க்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் இந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

காஞ்சனா


ரேணிகுண்டா,
7-1-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருங்கள். நிஜமாகவே சொல்கிறேன், முதலில் நன்றாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பொட்டு வைத்ததற்காக இல்லை, பத்து வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக. அப்புறம் கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தேன், அழுகை வந்தது. அதுவும் முடிந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன்.

வீணாய்ப்போன தகட்டில் புதிதாக மூன்று இலை வெட்டினேன். மூன்றையும் திராவகத்தில் போட்டுச் சுத்தம் செய்தேன். ஒன்றுக்கு நானே குங்குமம் வைத்தேன். இன்னொன்றுக்கு வீட்டுக்காரர் மனைவி செல்லியம்மாவைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். ஏழு பேரப்பிள்ளை எடுத்தவர், இந்தத் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் கைதான் முதலில். மூன்றாவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. பொட்டைத் துணியால் துடைத்துவிட்டு மூன்றுக்கும் ரவை வைத்து நெருப்பில் காட்டினேன். எனக்கு அந்த நொடி சரியாகத் தெரியாது, இரண்டு தடவை உருகிப்போய் மறுபடியும் வெட்டினேன். கடைசியில் வந்தது. என் இலையில் வழுக்கை, செல்லியம்மா இலையிலும் அதே வழுக்கை. பொட்டு வைக்காத இலையில் ஒரு ரவைகூட உதிரவில்லை.

குங்குமம் என்றால் என்ன? மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பொடி இடையில் இருந்தால் வெள்ளியும் வெள்ளியும் சேராது, அவ்வளவுதான். யாருக்குத் தாலி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வெள்ளிக்குத் தெரியாது. துடைத்தால் போதாது, திராவகத்தில் போட்டிருக்க வேண்டும். பூஜைக்கு முந்தின நாளே நான் சுத்தம் செய்து வைத்திருந்ததால் ஆசாரி மறுபடியும் போட்டிருக்க மாட்டார்.

மூன்று இலையையும் டப்பாவில் வைத்திருக்கிறேன். நீங்களே கையில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஆசாரியிடம் நாம் இரண்டு பேரும் பட்ட கடன் அப்படியே இருக்கிறது. முதலில் யார் போவது?

உங்கள் ரூபா


கார்வேட்டிநகரம்,
20-1-2025

அன்புள்ள ரூபாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய வேட்டி மாமாவுக்குப் பிடித்திருக்கிறது. மூன்று இலையையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எடுத்துப் பார்க்கிறேன்.

நான்தான் முதலில் போனேன். நாராயணவனம் கோவிலுக்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். "அங்க கண்ணாலம் ஆவணும்னு இல்ல வேண்டிக்குவாங்க, நீ எதுக்குடி?" என்று கேட்டார். சும்மா கும்பிட என்றேன்.

ஆசாரி வீட்டில் இருந்தார். அவர் மனைவி சந்திரம்மா வாசலிலேயே என்னை நிற்க வைத்துவிட்டார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது நான், வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான் என்று.

ஆசாரி, "தெரியும்மா" என்றார்.

அவர் வாசலில் இருந்து பார்த்திருக்கிறார், ரூபா. மறுநாள் பெட்டியைத் திறந்து இலைகளில் பொட்டைப் பார்த்திருக்கிறார். "சாமிப் பொட்டு. அதத் திராவகத்துல போட மனசு வர்ல. ஈரத் துணியால தொடைச்சிட்டு வைச்சிட்டேன். தப்பு என்மேலயும்தான்" என்றார். ரவை கொட்டிய இடத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார் முன்னாடி சொல்றது? உங்க மாமியாரு எதிர்லயே உக்காந்துக்கினு கீறாங்க. உங்க கைதான் பட்டுதுன்னு நான் சொன்னா, நீங்க அப்புறம் அந்த வீட்டுல எப்படி இருப்பீங்க? நாளைக்குத் தனியா ரூபாம்மாகிட்ட சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள திருடன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கும் வாய் வர்ல" என்றார்.

சந்திரம்மா அப்போதுதான் வெடித்தார். "உங்க வீட்டு மானத்தக் காப்பாத்திக்கினு இந்த மனுசன் வெளக்கு தேய்க்கிறாரு. எங்க பொண்ணப் பாக்க வந்தவங்க திருட்டு ஆசாரி வீடான்னு கேட்டுட்டுப் போனாங்க. தெரியுமா உனக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். அவர் காலில் விழப் போனேன், விடவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, "போய் சரி பண்ணு, போ" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்தது நீ போ.

காஞ்சனா


ரேணிகுண்டா,
2-2-2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். மாந்தோப்பில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நைனா போனில் சொன்னார்.

போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஆசாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நெருப்பை யார் இப்போது பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் உருக்கித் தொலைத்த இலைகளைப் பற்றிச் சொன்னேன், சிரித்துவிட்டார். ஆனால் திரும்பி வர ஒரே ஒரு விஷயம் கேட்டார். "திருடன்னு சொன்ன வாயாலயே அந்த ரெண்டு கடைலயும் போய் இல்லன்னு சொல்லு. அது போதும்."

நாளைக்கே போகிறேன் என்றேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்கள், குங்குமம் என்பேன். பெட்டிக்குள் இருந்த இலைக்குப் பொட்டு வைத்தது யார் என்று கேட்பார்கள். ஆசாரி, "நான் வைச்சேன்னு சொல்லிடு. ஆம்பள வைச்சா யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். அப்படிச் சொன்னால் திருடன் என்ற பேர் போய் வேலை தெரியாதவர் என்ற பேர் வரும். அதற்கு எனக்கு மனசு இல்லை. உங்கள் பெயரைச் சொன்னால், அதில் ஒரு கடைக்காரர் அம்மாவுக்குச் சித்தப்பா மகன், அன்றைக்கே செய்தி வீட்டுக்கு வந்துவிடும்.

உங்களைக் கேட்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது, அண்ணி. அவருடைய பெண்ணுக்கு இன்னொரு இடம் வருகிறதாம்.

உங்கள் ரூபா


கார்வேட்டிநகரம்,
9-2-2025

அன்புள்ள ரூபாவுக்கு,

மாமா நலம். நானும் அத்தையும் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

இரண்டு கடையிலும் என் பெயரைச் சொல். அண்ணி என்று மட்டும் சொல்லாதே, காஞ்சனா என்றே சொல். செய்தி வீட்டுக்கு வருமே என்று பயப்படாதே. கடைக்காரர் சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் கூடத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். பூஜையன்று நான் செய்ததிலிருந்து சந்திரம்மா என் கையைப் பிடித்துத் தூக்கியது வரை ஒன்றையும் விடவில்லை. கேட்டுவிட்டு, நான் எதற்குப் பயந்தேனோ அதையேதான் கேட்டார். "அதனாலதான் வேல கெட்டுதா?"

மூன்று இலையையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இது யாரு வைச்சது?"

"உங்க பொண்ணு."

"இது?"

"செல்லியம்மா. ஏழு பேரப்பிள்ளை எடுத்தவங்க."

"இதுலயும் நிக்கலையா?"

"யார் வைச்சாலும் நிக்காது அத்தை. குங்குமத்துல இருக்கிற சுண்ணாம்புதான். கையில ஒண்ணுமில்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. செல்லியம்மாவின் இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், என்னிடம் கொடுத்தார், மறுபடியும் வாங்கிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தட்டை என்னிடமிருந்து நகர்த்தினார்களே, இந்த இரண்டு வருஷத்தில் அத்தை தானும் அந்தத் தட்டைத் தொட்டு யாருக்கும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் வைக்கச் சொல்வார். கை வலி என்பார். நான் என் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை.

இலையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "அவன் புது வண்டி எடுத்தாந்தப்போ நான்தானேடி பொட்டு வைச்சி அனுப்பிச்சேன். நாலாம் நாளு போயிட்டான். அப்போ என் கையும் இல்லையா?"

"இல்லை அத்தை" என்றேன். அதை அவர் என்னை மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

உன் அண்ணி,
காஞ்சனா